எழில் ஃபைலுக்கு ஒரு விலாசம்: தமிழ் நிரலை உங்க கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்வது எப்படி?



போன செமஸ்டர்ல நாங்க நாலு பேர் காரைக்குடி பக்கத்துல ஒரு பள்ளிக்கு எழில் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தோம். எட்டாம் வகுப்பு. தமிழ்லயே நிரல் எழுதலாம்னு சொன்னதும் ஆளாளுக்கு ஒண்ணு எழுதி சேவ் பண்ணிட்டாங்க. அடுத்த வாரம் போனா ஒரு பொண்ணோட ஃபைலை மட்டும் காணோம். என்னம்மா ஆச்சுன்னு கேட்டோம்.

"வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருந்துச்சுண்ணா. கிளிக் பண்ணா எதுல திறக்கணும்னு கேட்டுச்சு. கெட்டுப்போன ஃபைல்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

அதே ஃபோல்டர்ல இருந்த பைத்தான் ஃபைலுக்கு மட்டும் ஐகான் இருந்துச்சு. அதை யாரும் அழிக்கலை. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லை. எழில் ஃபைல்னு ஒண்ணு இருக்குன்னு அந்த மெஷினுக்கு யாரும் சொல்லவே இல்லை. முதல் நாளே நாங்க சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு இருபது வரி போதும். அந்த இருபது வரியை எப்படி எழுதறதுன்னுதான் இந்தப் பாடம்.

ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில கட்டளைகளையும் ஃபோல்டர் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துல தந்திருக்கேன். டெர்மினல்ல தட்டும்போது ஆங்கிலத்துல தட்டிக்கோங்க.

எழில்: ஒரு நிமிட அறிமுகம்

எழில் என்பது முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. அதைப் பற்றிய அவரது ஆய்வுக்கட்டுரை 2009-இல் வெளியானது. ஓப்பன் சோர்ஸ். பைத்தான் மேல ஓடுது, அதனால பைத்தான் இருக்கிற எந்த மெஷின்லயும் பிப் வழியா நிறுவிக்கலாம். நிரல் இப்படி இருக்கும்:

# குடை வேணுமா
வெயில் = 38
@( வெயில் > 35 ) ஆனால்
    பதிப்பி "குடை எடுத்துக்கொள்"
இல்லை
    பதிப்பி "நடந்தே போகலாம்"
முடி

இதை 'குடை' என்ற பெயர்ல, எழிலுக்கான எக்ஸ்டென்ஷனோட சேவ் பண்றோம். எழிலின் எக்ஸ்டென்ஷன் ஒரே ஒரு ஆங்கில எழுத்து: புள்ளி, அப்புறம் 'என்'. அதாவது 'குடை.என்'. இந்த ஒற்றை எழுத்தைக் கவனிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் தலைவலி தரப்போகுது.

விலாசம், முகம், வீடு

ஒரு ஃபைல் என்ன வகைன்னு ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படிக் கண்டுபிடிக்குது? நம்ம ஊர்ப் பழக்கத்தை வெச்சே சொல்லிடலாம்.

செட்டிநாட்டு ஊர்கள்ல அண்ணாமலை, சிதம்பரம், ராமநாதன்னு தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. பேரை மட்டும் சொன்னா ஆள் கிடைக்காது. நகரத்தார் குடும்பங்கள்ல பேருக்கு முன்னாடி வர்ற இனிஷியல் வரிசையை 'விலாசம்'னு சொல்வாங்க. விலாசத்தைச் சொன்னா எந்த வீடுன்னு தெரிஞ்சுடும். ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன்தான் விலாசம். பேரோட ஒட்டியே இருக்கும், உள்ளே திறந்து பார்க்கத் தேவையில்லை, வேகமா முடிவெடுக்கலாம்.

ஆனா ரெண்டு குடும்பத்துக்கு ஒரே விலாசம் அமைஞ்சிட்டா? அப்போ முகத்தைப் பார்க்கணும். ஃபைலோட முதல் சில பைட்டுகள்தான் முகம். பிடிஎஃப் ஃபைல் சதவீதக் குறியும் தன் பெயரும் சேர்ந்துதான் தொடங்கும். பிஎன்ஜி படத்துல முதல் பைட்டுக்கு அடுத்த மூணு பைட்டும் அதோட பெயரேதான். இந்த அடையாள பைட்டுகளுக்கு 'மேஜிக்'னு பேர். யூனிக்ஸ்ல 'ஃபைல்'ங்கிற கட்டளை 1973-லேயே இருந்தது. ஃபைலோட உள்ளடக்கத்தைப் பார்த்து வகை சொல்றதுதான் அதோட வேலை. இன்னைக்கும் உங்க லினக்ஸ்ல இருக்கு.

மூணாவது, 'இது எந்த வீட்டுப் பிள்ளை'ங்கிற உறவு. பைத்தான் நிரல்னா அது அடிப்படையில ஒரு டெக்ஸ்ட் ஃபைல். பைத்தானைத் தெரியாத எடிட்டர்கூட 'டெக்ஸ்ட் வீட்டுப் பிள்ளைதானே'ன்னு திறந்துடும்.

விலாச மோதலுக்கு உங்களுக்குப் பழக்கமான உதாரணமே உண்டு. டைப்ஸ்கிரிப்ட்டின் எக்ஸ்டென்ஷன் 'டிஎஸ்'. 2012-இல் டைப்ஸ்கிரிப்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்ங்கிற வீடியோ வகைக்கும் அதே 'டிஎஸ்'தான். அதனாலதான் சில மெஷின்ல உங்க ரியாக்ட் ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுக்க சினிமா ஐகானா தெரியும். முகத்தைப் பார்த்தா குழப்பமே இல்லை: அந்த வீடியோ 188 பைட் பாக்கெட்டுகளா இருக்கும், ஒவ்வொரு பாக்கெட்டும் 71 என்ற பைட்டுல தொடங்கும். டைப்ஸ்கிரிப்ட் நிரல் அப்படி அமையாது.

இப்போ உங்க மெஷின் என்ன நெனைக்குது?

லினக்ஸ்ல தொடங்குவோம், ஏன்னா அங்க விதிகள் எல்லாம் வெளிப்படையா எழுதி வெச்சிருக்காங்க. நம்மில் பலர் வீட்டுல லினக்ஸ் ஏற்கெனவே இருக்கு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்த லேப்டாப்புகள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சு. சி-டாக் உருவாக்கின, டெபியன் அடிப்படையிலான லினக்ஸ் அது. அக்காவோட பழைய லேப்டாப் பரண்ல கிடந்தா எடுத்துப் பாருங்க.

டெர்மினல்ல 'எக்ஸ்டிஜி-மைம் கொயரி ஃபைல்டைப்'னு தட்டி, பின்னாடி ஃபைல் பெயரைக் கொடுங்க. 'டெக்ஸ்ட்/பிளெய்ன்'னு பதில் வரும். இந்த மாதிரி வகைப்பெயருக்கு மைம் டைப்னு பேர். 1992-இல் இமெயிலுக்காக வந்த தரம், இப்போ எல்லா இடத்துலயும் பயன்படுது.

எழிலைத் தெரியாத சிஸ்டம், 'டெக்ஸ்ட்'னு மட்டும் எப்படிச் சொல்லுச்சு? விலாசமும் தெரியலை, முகமும் தெரியலைன்னா கடைசியா ஒரு சோதனை இருக்கு: முதல் 128 பைட்டுல கன்ட்ரோல் எழுத்துகள் இருக்கான்னு பார்க்கும். டேப், புதுவரி தவிர 32-க்குக் கீழ ஏதாவது பைட் இருந்தா 'பைனரி'ன்னு ஒதுக்கிடும். இல்லைன்னா டெக்ஸ்ட்.

இதுல தமிழுக்கு ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. யூடிஎஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'ப' என்பது 224, 174, 170. எல்லாத் தமிழ்க் குறியீடும் 224-ல தொடங்கி, ரெண்டாவது பைட் 174 அல்லது 175-ஆ இருக்கும். எதுவுமே 32-க்குக் கீழ இல்லை, அதனால சோதனையில பாஸ். ஆனா யூடிஎஃப்-16-ல சேவ் பண்ணா, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுலயும் ஒரு பைட் 11. அது கன்ட்ரோல் எழுத்து! ஃபைல் தொடக்கத்துல முன்குறி இல்லைன்னா, இந்த விதிப்படி முழுத் தமிழ் நிரலும் 'பைனரி' ஆயிடும். அதனால முதல் பாடம்: எப்பவும் யூடிஎஃப்-8-ல சேவ் பண்ணுங்க.

விலாசம் பதிவு செய்வோம்

ஹோம் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சிருக்கும் 'புள்ளி லோக்கல்' ஃபோல்டர், அதுக்குள்ள 'ஷேர்', அதுக்குள்ள 'மைம்', அதுக்குள்ள 'பேக்கேஜஸ்'. இல்லைன்னா உருவாக்கிக்கோங்க. அங்க 'எழில்' என்ற பெயர்ல (ஆங்கில எழுத்துல) ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வேணும்.

வெறும் தாள்ல தொடங்காதீங்க. சிஸ்டத்தோட 'யூஎஸ்ஆர்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ்' ஃபோல்டர்ல ஃப்ரீடெஸ்க்டாப் பெயர்ல ஒரு பெரிய எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதுல பைத்தான் பதிவைத் தேடி, ரூட் டேக்கோட சேர்த்து காப்பி பண்ணிக்கோங்க. மேலே இருக்கிற நீளமான டிடிடி பகுதி தேவையில்லை. அப்புறம் இதையெல்லாம் மாத்துங்க:

1. மைம்-டைப்: 'டெக்ஸ்ட்/எக்ஸ்-எழில்'. 'எக்ஸ்-' என்பது இன்னும் அதிகாரபூர்வமா பதியாத வகைன்னு காட்டும்.
2. காமெண்ட்: ஃபைல் மேனேஜர்ல 'வகை' பத்தியில தெரியப்போற பெயர். மொழி குறிப்பிடாம ஒரு ஆங்கிலப் பெயர். இன்னொரு காமெண்ட்ல லாங் மதிப்பா தமிழுக்கான 'டிஏ' கொடுத்து, 'எழில் நிரல்'னு எழுதுங்க. டெஸ்க்டாப் தமிழ்ல இருந்தா இது தெரியும்.
3. சப்-கிளாஸ்-ஆஃப்: 'டெக்ஸ்ட்/பிளெய்ன்'. டெக்ஸ்ட்னு தொடங்கும் வகை எல்லாம் இயல்பாவே இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் எழுதி வெச்சா படிக்கிறவங்களுக்குத் தெளிவு.
4. குளோப்: நட்சத்திரம், புள்ளி, 'என்'. இதுதான் விலாசம்.
5. ஜெனரிக்-ஐகான்: 'டெக்ஸ்ட்-எக்ஸ்-ஸ்கிரிப்ட்'. தனி ஐகான் வரையற வரைக்கும் வெள்ளைத் தாளுக்குப் பதிலா இது வரும்.

பைத்தான் பதிவுல வந்த மத்த வரிகளை, முக்கியமா மேஜிக் பகுதியை, அழிச்சிடுங்க. சேவ் பண்ணிட்டு, 'அப்டேட்-மைம்-டேட்டாபேஸ்' கட்டளையை உங்க 'மைம்' ஃபோல்டர் பாதையோட ஓட்டுங்க. 'பேக்கேஜஸ்' இல்லை, அதுக்கு ஒரு படி மேல. எங்க டீம்ல பாதிப் பேர் சறுக்கினது இங்கதான். இப்போ திரும்பவும் ஃபைல்டைப் கேட்டுப் பாருங்க. 'டெக்ஸ்ட்/எக்ஸ்-எழில்'னு வந்தா உங்க மெஷினுக்கு எழில் அறிமுகமாயிடுச்சு.

முகம்: இங்கதான் தமிழ் தெரியணும்

ஒற்றை எழுத்து எக்ஸ்டென்ஷன் தலைவலின்னு சொன்னேன் இல்லையா? டிசிஎல் மொழியோட மேனுவல் பக்கங்களுக்கும் இதே 'என்'தான். நெகோ விர்ச்சுவல் மெஷினோட பைட்கோடுக்கும் இதே 'என்'தான். அதனால முகத்தையும் சொல்லி வெக்கணும். நெகோவுக்குப் பிரச்சினை இல்லை, முதல் 4 பைட்டுலயே தன் பெயரை எழுதி வெச்சிருக்கும். எழில் நிரலுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. அப்போ அதோட முகம் எது?

எங்களுக்கு முதல்ல தோணினது: 'பதிப்பி'ங்கிற சொல் இருந்தா எழில். 7 குறியீடு, 21 பைட். நீளமாத்தான் இருக்கு, போதும்னு நெனச்சோம். மேஜிக் பகுதியில முதல் 1024 பைட்டுக்குள்ள இந்தச் சொல் எங்க இருந்தாலும் எழில்னு எழுதிட்டோம்.

அன்னைக்கு சாயங்காலமே ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். தமிழ் மன்றத்துக்காக உ.வே.சாமிநாதையர் பற்றி எழுதின ஒரு குறிப்பு, எக்ஸ்டென்ஷன் இல்லாம சேவ் பண்ணியிருந்தான். அது எழில் நிரல்னு காட்டுது! உள்ளே பார்த்தா, 1887-இல் சீவக சிந்தாமணியைப் 'பதிப்பித்தார்'னு இருக்கு. 'பதிப்பித்தார்'ல 'பதிப்பி' இருக்கே. பைட் அளவுல ரெண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

சி மொழியில 'இன்க்ளூட்' வரி மாதிரி ஒண்ணு ஆங்கிலக் கட்டுரையில வரவே வராது, முன்னாடி ஹாஷ் குறி இருக்கு. ஆனா எழிலோட குறிச்சொற்கள் எல்லாம் நாம தினம் பேசற சொற்கள்: ஆனால், இல்லை, முடி, ஆக, வரை. இதுல எதை முகமா வெச்சாலும் ஊர்ல இருக்கிற எல்லாத் தமிழ்க் கட்டுரையும் நிரல் ஆயிடும்.

நாங்க கடைசியா வெச்சது ரெண்டு அடையாளம். ஒண்ணு, 'பதிப்பி', அடுத்து ஒரு இடைவெளி, அடுத்து இரட்டை மேற்கோள் குறி. 23 பைட். உரைநடையில இப்படி அமையறது அபூர்வம். ரெண்டு, 'நிரல்பாகம்' என்ற சொல். எழில்ல ஃபங்ஷனுக்கு இதுதான் குறிச்சொல். சேர்த்தெழுதின இந்த வடிவம் கதை, கட்டுரையில வராது. (எக்ஸ்எம்எல்-ல மேற்கோள் குறியை எஸ்கேப் பண்ண மறந்துடாதீங்க.)

இன்னொரு விஷயம்: குளோபுக்கு 'வெயிட்'னு ஒரு எண் உண்டு, 0 முதல் 100 வரை, சும்மா விட்டா 50. 'நம்ம மொழிதானே, 90 வெப்போம்'னு ஆசைப்படாதீங்க. அதிக வெயிட் இருக்கிறது ஜெயிச்சுடும், முகத்தைப் பார்க்கவே மாட்டாங்க. ரெண்டு பேரும் 50-ல இருந்தாத்தான் சிஸ்டம் மேஜிக்கைக் கேக்கும். நெகோ பயன்படுத்தறவங்க மெஷின்ல அவங்க ஃபைலும் சரியா தெரியணும் இல்லையா? அதுக்கு நெகோவுக்கும் அவங்க முகத்தோட ஒரு பதிவு எழுதிடுங்க.

முன்னோட்டம்: முகப்புல நின்னே பார்க்கறது

செட்டிநாட்டு வீட்டுல வளவுக்குள்ள போகாம முகப்புல நின்னே உள்ளே யார் இருக்காங்கன்னு ஓரளவு தெரிஞ்சுக்கலாம். பிரிவியூவும் அப்படித்தான். எடிட்டரைத் திறக்காம, ஃபைல் மேனேஜர்லயே உள்ளடக்கம் தெரியணும்.

க்னோம் டெஸ்க்டாப்ல சுஷிங்கிற பேக்கேஜை நிறுவினா, ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பார் அழுத்தினதும் முன்னோட்டம் வரும். எழில் இப்போ டெக்ஸ்ட் வீட்டுப் பிள்ளைன்னு பதிஞ்சிருக்கு. அதனால நிரல் உடனே தெரியும், ஆனா கறுப்பு வெள்ளையில. வண்ணம் வேணும்னா ஜிடிகே-சோர்ஸ்வியூவுக்கு ஒரு மொழிக்குறிப்பு எழுதணும். முன்ன மாதிரியே, அதோட 'லாங்குவேஜ்-ஸ்பெக்ஸ்' ஃபோல்டர்ல இருக்கிற பைத்தான் குறிப்பை உங்க 'லோக்கல்' ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, மைம் டைப்பையும் குறிச்சொற்களையும் மாத்துங்க. ஜிஎடிட்டும் இதே வடிவத்துல எழுதின குறிப்பைத்தான் படிக்கும்.

இங்கயும் தமிழ் ஒரு பாடம் சொல்லும். குறிச்சொல் எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க, ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல 'சொல் எல்லை' உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு? பைத்தானைத் திறந்து, 'பதிப்பி'ங்கிற சொல்லை 'சொல் எழுத்து' பேட்டர்னை (பேக்ஸ்லாஷ் டபிள்யூ, கூட்டல் குறி) வெச்சுத் தேடிப் பாருங்க. ஒரு சொல் வராது. பத, ப, ப-ன்னு மூணு துண்டு வரும். ஏன்னா புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோட்ல 'எழுத்து' வகை இல்லை, 'மார்க்' வகை. பைத்தானோட பேட்டர்ன் மார்க்கைச் சொல்லோட பகுதியா எடுத்துக்கறதில்லை.

இதே கணக்கை வெக்கிற ஹைலைட்டர்ல 'முடி' வண்ணமே ஆகாது, கடைசில 'இ'கரக் குறி இருக்கே. சரி, எல்லையே வேண்டாம்னு எடுத்துட்டா? 'முடிவு = 10'னு ஒரு மாறி வெச்சிருந்தா, அதுல 'முடி' மட்டும் வண்ணமாகி 'வு' தனியா நிக்கும். நிரல் முடியாத இடத்துல முடிஞ்ச மாதிரி தெரியும். புதுசா கத்துக்கற பிள்ளைக்கு இது எவ்வளவு குழப்பம்!

தீர்வு, எல்லையை நாமே வரையறுக்கறது: குறிச்சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் யூனிகோட் தமிழ்த் தொகுதிக் குறியீடு எதுவும் (0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை), எண்ணும், அடிக்கோடும் வரக்கூடாது. மொழிக்குறிப்புல இதுக்குன்னே 'ப்ரிஃபிக்ஸ்', 'சஃபிக்ஸ்' டேக் இருக்கு. எதிர்மறை லுக்பிஹைண்டை முதல்லயும், எதிர்மறை லுக்அஹெட்டை ரெண்டாவதுலயும் வெச்சா வேலை முடிஞ்சது. 'இல்லைஆனால்' என்பதை 'இல்லை'க்கு முன்னாடி எழுதற பழக்கமும் நல்லது.

விண்டோஸ், மேக்

விண்டோஸ் பெரும்பாலும் விலாசத்தை மட்டுமே நம்பும். ரெஜிஸ்ட்ரியில உங்க யூசருக்கான 'சாஃப்ட்வேர்/கிளாஸஸ்' கீழ எழில் எக்ஸ்டென்ஷன் பெயர்ல ஒரு கீ உருவாக்கி, 'பெர்சீவ்டு டைப்' மதிப்பா 'டெக்ஸ்ட்'னு கொடுங்க. டெக்ஸ்ட் குடும்பம்னு அதுக்குப் புரிஞ்சுடும், எக்ஸ்ப்ளோரரோட பிரிவியூ பேன்ல நிரல் தெரியும். ஒரு 'ரெக்' ஃபைலா எழுதி வெச்சா லேப் முழுக்க ஒரே கிளிக்ல பதிஞ்சுடலாம். ரெஜிஸ்ட்ரியில கை வெக்கறதுக்கு முன்னாடி லேப் பொறுப்பாளர்கிட்ட அனுமதி வாங்கிடுங்க.

மேக்ல இந்த வேலையை யூடிஐ என்ற வகைப்பெயர் செய்யுது. அதைத் தனி ஃபைலா வெக்க முடியாது, ஒரு ஆப் தன்னோட இன்ஃபோ பிலிஸ்ட்ல அறிவிக்கணும். எழில் 'பப்ளிக் சோர்ஸ்-கோட்' வகையைச் சேர்ந்ததுன்னு அறிவிக்கிற ஒரு சின்ன ஆப் போதும்.

அடுத்த வேலை உங்களுது

இதுவரை செஞ்சது உங்க மெஷினுக்கு மட்டும். எல்லா லினக்ஸுக்கும் போகணும்னா, ஃப்ரீடெஸ்க்டாப்போட ஷேர்டு-மைம்-இன்ஃபோ திட்டத்துக்கு அனுப்பணும். அவங்க கிட்லேப்ல இருக்காங்க, சோதனைக்கு ஒரு மாதிரி ஃபைலையும் சேர்த்து மெர்ஜ் ரெக்வெஸ்ட் வெக்கலாம். கிட்ஹப்ல மொழியை அடையாளம் காட்டற லிங்குயிஸ்ட், புது மொழியைச் சேர்க்க போதுமான ரெப்போக்கள்ல பயன்பாடு இருக்கான்னு பார்க்கும். அதனால நீங்க எழுதற எழில் நிரலைப் பென்டிரைவ்லயே வெச்சிருக்காம வெளியில போடுங்க.

வேற நாட்டுல உட்கார்ந்திருக்கிற ஒரு டெவலப்பர் நல்ல மனசோட இதைச் செய்ய வந்தாலும், 'பதிப்பி'க்கும் 'பதிப்பித்தார்'க்கும், 'முடி'க்கும் 'முடிவு'க்கும் இடையில சறுக்கத்தான் செய்வார். எக்ஸ்எம்எல் யாரும் கத்துக்கலாம். எந்தச் சொல் உரைநடையில வரும், எது வராதுன்னு சொல்ல நம்மளை மாதிரி தமிழ்ல வளர்ந்தவங்கதான் வேணும்.

இந்த வாரத்துக்கு மூணு வேலை:

- உங்க மெஷின்ல எழில் பதிவைச் செஞ்சு, ஃபைல்டைப் கேட்டுப் பாருங்க.
- 'ஆனால்' என்ற சொல்லை மேஜிக்கா வெச்சு, எக்ஸ்டென்ஷன் இல்லாத தமிழ்க் கட்டுரைகள்ல எத்தனை நிரலா மாறுதுன்னு எண்ணுங்க. பார்த்துட்டு அழிச்சிடுங்க.
- 'நிரல்பாகம்', 'பதிப்பி' ரெண்டும் இல்லாத ஒரு எழில் நிரலை எழுதி, அதுக்கு என்ன முகம் வெக்கலாம்னு யோசிங்க. எங்களுக்கு இன்னும் விடை கிடைக்கலை.

அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போனப்போ முதல் வேலையா எல்லா மெஷின்லயும் பதிவைப் போட்டுட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினோம். அந்தப் பொண்ணு நிரலை மறுபடி எழுதி சேவ் பண்ணிட்டு, பிரிவியூ பேன்ல தெரியுதான்னு ரெண்டு தடவை சரிபார்த்துட்டுத்தான் எழுந்திரிச்சா.